வெண்கலக் கலமும் இரும்புக் கருவியும்

முன்னுரை

மதுரை மாநகரிலிருந்து திருமங்கலம் நோக்கித் தென்திசைச் செல்வோர் கப்பலூரைக் கடந்தே செல்வர். அவ்வூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறிகள் சுழலும் ஓசையும், தகடு வெட்டும் ஒலியும், பற்றவைப்பின் நீலவொளியும் நாள்தோறும் உள்ளவை. சுற்றிலும் கரிசல் நிலம். அந்நிலத்தை உழும் கொழுவும் இரும்பு, அறுக்கும் அரிவாளும் இரும்பு. இரும்பின்றி ஒரு பொழுதும் நகராத வட்டாரம் இது.

இத்தொழிற்பேட்டையைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் வகுப்பில் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று வரிசையாகப் படித்திருக்கிறோம். நம் நாட்டுக்கு வெண்கலக் காலம் எப்போது வந்தது? வரவில்லையென்றால் நம் முன்னோர் ஒரு படி பின்தங்கியவர்களா?" என்பது அவ்வினா. எளிதாகத் தோன்றினும் உடனே விடை கூற இயலாத வினா அது. வெண்கலம், இரும்பு ஆகிய இரு உலோகங்களின் இயல்புகளை ஒப்பிட்டு, தமிழகத்துத் தொல்பொருட் சான்றுகளோடு பொருத்தி, அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில் பொதிந்த செய்தி

முதற்கண் சொற்களை நோக்குவோம். செம்போடு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் கலந்தால் பித்தளை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். வெண்மை, கலம் என்னும் இரு சொற்கள் இணைந்து அமைந்தது வெண்கலம் என்னும் பெயர். கலம் என்பது பாத்திரம். ஆகவே, தமிழர் இவ்வுலோகத்துக்கு இட்ட பெயரே அதனால் ஆக்கப்பட்ட பொருள் இன்னதென்று சுட்டி நிற்கின்றது. வாளும் வேலும் அன்று, உண்கலமும் ஏந்துகலமுமே வெண்கலத்தின் முதன்மைப் பயனாக அவர்தம் நினைவில் நின்றன எனக் கருத இடமுண்டு.

இரும்பு என்னும் சொல்லைக் கருமைப் பொருள் தரும் 'இரும்' என்னும் அடியோடு இயைத்துக் காண்பர் சொல்லாய்வாளர். இரும்புக்குக் கரும்பொன் என்னும் பெயரும் உண்டு. பொன் என்னும் சொல் தங்கத்தை மட்டுமன்றி உலோகம் என்னும் பொதுப்பொருளையும் தந்தமையால், வெள்ளி வெண்பொன்னாகவும் இரும்பு கரும்பொன்னாகவும் வழங்கின. எஃகு என்னும் சொல் உலோகத்தையும், அதனாற் செய்த கூரிய படைக்கலத்தையும் ஒருங்கே குறித்தது. வெண்கலம் கலமாகவும், எஃகு கருவியாகவும் சொல்லிலேயே பிரிந்து நிற்கும் இந்நிலையை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

வெண்கலத்தின் இயல்பு

தூய செம்பு மென்மையானது, அடித்தால் வளையும். அதில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தவுடன் அதன் குணமே மாறிவிடுகின்றது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். இரண்டும் கலந்த வெண்கலம் ஏறத்தாழ 1000 பாகையில் நீராய் உருகி ஓடும். ஆதலின், பண்டைய உலைகளில் அதனை உருக்கி அச்சில் வார்ப்பது இயல்வதாயிற்று. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையால் எவ்வளவு நுணுக்கமான உருவத்தையும் படைக்கலாம். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த, ஏறத்தாழ பத்தரைச் செண்டிமீட்டர் உயரமே உடைய நடனப் பெண் உருவமும், பிற்காலச் சோழர் காலத்துத் திருமேனிகளும் இம்முறையால் விளைந்தவையே.

வெண்கலத்துக்கு வேறு இரு சிறப்புகளும் உண்டு. காற்றுப் பட்டால் அதன்மேற் படியும் பசுங்களிம்பு உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வையாகி அதனைக் காக்கும். உடைந்தாலும் வீணாவதில்லை, மீண்டும் உருக்கி மீண்டும் வார்க்கலாம்.

இரும்பின் இயல்பு

இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். பண்டைக் காலத்து மண்ணுலைகளில் அவ்வளவு வெப்பத்தை எழுப்புதல் அரிது. ஆயினும் இரும்பை அதன் கல்லிலிருந்து பிரிப்பதற்கு அது உருக வேண்டுவதில்லை. இரும்புக் கல்லையும் மரக்கரியையும் அடுக்கடுக்காக உலையிலிட்டுத் துருத்தியால் காற்றூதினால், ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில், கரியிலிருந்து எழும் வளி கல்லிலுள்ள உயிர்வளியைப் பற்றிக்கொண்டு நீங்கும். எஞ்சுவது கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஓர் இரும்புக் கட்டி. அதனுள் கிட்டம் எனப்படும் கசடு செறிந்திருக்கும். கட்டியைச் செந்தழலாகக் காய்ச்சிச் சம்மட்டியால் பலமுறை அறைந்து கிட்டத்தை வெளியேற்றிய பின்னரே அது பயன்படும் இரும்பாகும்.

எனவே வெண்கலத் தொழில் வார்ப்புத் தொழில். இரும்புத் தொழில் அடிப்புத் தொழில். முன்னதற்கு அச்சு உயிர். பின்னதற்குச் சம்மட்டி உயிர். கன்னார் என்றும் கொல்லர் என்றும் நம் ஊர்களில் இருவேறு தொழிலாளர் இருந்தமைக்கு இவ்வேறுபாடே அடிப்படை எனலாம். மேலும், இரும்பின் துரு வெண்கலக் களிம்புபோல் காப்பதன்று. அது உலோகத்தைத் தின்று தீர்ப்பது. இக்குறைபாடு தொல்லியலுக்கு ஒரு பெரிய இடராக உள்ளது. மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டுகள் கிடந்த வெண்கலக் கிண்ணம் கிண்ணமாகவே மீளும். இரும்புக் கத்தியோ செம்பழுப்புப் பொருக்காக மீளும், அன்றி மீளாமலே போகும். ஆகவே, இரும்பு கிடைக்காத இடத்தில் இரும்பே இருந்ததில்லை என்று உடனே முடிவு கட்டுதல் தகாது.

எது வலியது?

இரும்பு வெண்கலத்தைவிட வலியது, ஆதலால் வென்றது என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். உண்மை அவ்வளவு எளிதன்று. உலோகத்தின்மேல் வைர முனையை அழுத்தி அதன் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவையால் இதனை விளக்கலாம். கரி சேராத தேனிரும்பின் கடினம் அவ்வளவையில் ஏறத்தாழ 100. பத்து விழுக்காடு வெள்ளீயம் கலந்து, சம்மட்டியால் அடித்து இறுக்கிய வெண்கலத்தின் கடினமோ 200-க்கு மேற்பட்டது. அஃதாவது, தொடக்கக் கால இரும்பு வாளை நல்லதொரு வெண்கல வாள் எளிதில் எதிர்த்து நிற்கும்.

இரும்பின் தலையெழுத்தை மாற்றியது கரி. செந்தழலில் நெடுநேரம் கிடக்கும் இரும்பு, கரியின் சிறுபகுதியைத் தன்னுள் ஏற்கும். நூற்றில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி ஏறினால் அது எஃகாகும். அந்த எஃகைக் காய்ச்சிச் சட்டென நீரில் தோய்த்தால் அதன் கடினம் 600-க்கும் மேலாக உயரும். அவ்வாறு தோய்த்தது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறுமாகையால், மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவர். தீயிலிருக்கும் உலோகத்தின் நிறத்தைக் கண்ணாற் கண்டே பதம் அறிபவர் நம் கொல்லர். இக்கலையை அறிந்த நாளில்தான் இரும்பு வெண்கலத்தை வென்றது. ஆகவே வென்றது வெறும் இரும்பன்று. எஃகு செய்யும் அறிவு.

ஈயத்தைத் தேடி ஓடிய உலகம்

எஃகின் கலை பரவுவதற்கு முன்பே பல நாடுகள் இரும்பின்பால் திரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது கிடைக்கும் எளிமை. புவியின் மேலோட்டில் இரும்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. செம்போ பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளீயம் செம்பினும் பன்மடங்கு அரியது. பத்து இலட்சத்தில் இரண்டு பங்களவே. அதுவும் எங்கும் பரவிக் கிடப்பதன்று. நடு ஆசியாவிலும், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலும், மலாய்த் தீபகற்பத்திலும் என ஒரு சில இடங்களில் குவிந்து கிடப்பது. நூறு கிலோ வெண்கலம் செய்யப் பத்துக் கிலோ வெள்ளீயம் வேண்டும். அப்பத்துக் கிலோவுக்காகப் பாலையும் கடலும் கடக்க வேண்டும்.

துருக்கி நாட்டின் தென்கடலில் உலுபுரூன் என்னுமிடத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தெடுத்தனர். கி.மு. 1300-ஐ ஒட்டிய காலத்து அக்கப்பலில் ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலத்துக்கு வேண்டிய பத்துக்கு ஒன்று என்னும் அளவு அப்படியே அங்கு அமைந்திருப்பது நம் கருத்தை ஈர்க்கின்றது. அரசர்களும் பெருவணிகர்களும் இன்றி வெண்கலம் இயலாது என்பதற்கு அக்கப்பலே சான்று. கி.மு. 1200-ஐ ஒட்டி நடுநிலக் கடற்பகுதியின் பேரரசுகள் சரிந்தபோது வணிக வழிகள் அறுந்தன. ஈயம் வருவது குறைந்ததால் இரும்பு தலையெடுத்தது என்பர் அறிஞர் சிலர். அதனை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், ஊருக்கு ஊர் கிடைக்கும் கல்லிலிருந்து ஊர்க்கொல்லனே எடுக்கத்தக்க உலோகம் இரும்பு என்பதில் ஐயமில்லை.

குறுந்தொகையின் 172-ஆம் பாடல் ஈண்டு நினைக்கத்தக்கது. ஏழு ஊர்களின் வேலைக்கும் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த கொல்லுலையின் துருத்தியைப் பிரிவால் வருந்தும் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாக்குகிறார் புலவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். ஓய்வின்றி ஊதும் துருத்தியும் ஓய்வறியாது வருந்தும் நெஞ்சும் அங்கே ஒப்பாயின. கேட்போர் அனைவரும் அறிந்த காட்சியையே புலவர் உவமையாக்குவர். கொல்லுலை அக்காலத்து உழவர் வாழ்வில் அத்துணை ஒன்றியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

ஏணி எங்கிருந்து வந்தது?

கல், வெண்கலம், இரும்பு என்னும் மூன்று கால வரிசை உலகப் பொதுவிதி அன்று. டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பேற்ற கிறிஸ்தியான் தாம்சன் என்பார், அவற்றை இம்மூன்று வகையாகப் பிரித்து வைத்தார். அவர் 1836-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலால் அப்பகுப்பு உலகெங்கும் பரவிற்று. வட ஐரோப்பாவின் பேழைகளுக்கு அது நன்கு பொருந்தியது. மேற்காசியாவுக்கும் ஏறக்குறையப் பொருந்தியது. ஆயின் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, வெண்கலக் காலம் ஒன்றைக் காணாமலே கல்லிலிருந்து இரும்புக்குச் சென்றது. ஓர் அருங்காட்சியகத்தின் அடுக்குமுறையை மாந்தர் அனைவரும் ஏறவேண்டிய ஏணியாகக் கொண்டதே நம் மாணவரின் மனக்குறைக்கு வேராயிற்று.

சிந்துவெளி மக்கள் செம்பும் வெண்கலமும் அறிந்தவர், இரும்பை அறியார். அவர்தம் நகரங்களுக்கு இராசத்தானத்துச் செம்பு அண்மையிலேயே இருந்தது. மேற்கே வணிக வழிகளும் இருந்தன. தமிழகத்திலோ செம்புக் கனிமம் குறைவு. வெள்ளீயம் இல்லை எனலாம். இரும்புக் கனிமமோ சேலத்துக் கஞ்சமலை முதலாகப் பல இடங்களில் உண்டு. கையருகே கிடப்பதைக் கொண்டு கருவி செய்தல் அறிவுடைமையேயன்றிப் பின்தங்கிய நிலையன்று. புதிய கற்காலத்தையடுத்து இங்கே இரும்புக் காலமே தொடர்கின்றது. வெண்கலக் காலம் எனத் தனியே பிரித்துக் காட்டத்தக்க ஒரு காலம் தமிழகத்தில் இல்லை.

ஆதிச்சநல்லூர் காட்டும் ஒற்றுமை

காலம்தான் இல்லையே தவிர, வெண்கலம் இங்கு இல்லாமற் போகவில்லை. தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் செர்மானியரான யாகோர் என்பவரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். ரீ கண்டெடுத்தவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரே இடுகாட்டில் இரு உலோகங்களும் சேர்ந்து கிடைத்தன. ஆனால் அவற்றின் பணிகள் வேறுவேறு. வாள், ஈட்டிமுனை, கோடரி, மண்வெட்டி ஆகியன இரும்பு. கிண்ணங்கள், வடிகட்டிகள், விலங்கும் பறவையும் முகட்டில் அமைந்த அழகிய மூடிகள், அணிகள் ஆகியன வெண்கலம். பெயராய்வில் நாம் கண்ட பிரிவினையே இங்கு மண்ணுக்குள்ளும் காண்கிறோம்.

அவ்வெண்கலத்தின் தரமும் வியப்பிற்குரியது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் 20 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் முதலானோர் காட்டியுள்ளனர். அவ்வளவு ஈயம் சேர்ந்தால் வெண்கலம் நொறுங்கும். குளிர்ந்த நிலையில் ஓரடிகூடத் தாங்காது. ஆனால் செவ்வெம்மையில் வைத்தே அடித்து மெலிதாக்கி, உடனே நீரில் தோய்த்தால் நொறுங்கும் தன்மை அடங்கும். பொன்னிறமும் நெடுநேரம் அதிரும் ஒலியும் வாய்க்கும். எஃகைத் தோய்த்தால் கடினமேறும், இவ்வெண்கலத்தைத் தோய்த்தால் நொறுங்கல் தணியும். ஒரே செயல் இரு உலோகங்களில் இருவேறு பயன் தருவதை நம் முன்னோர் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்தனர். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி இன்னும் மிகுதியான ஈயம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்த வெண்கலமே.

அவ்வெள்ளீயம் கடல்வழி வந்ததற்கும் சான்றுண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் நூல், முசிறி வட்டாரத் துறைமுகங்களுக்கு வந்திறங்கிய பொருள்களில் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றைக் குறிக்கின்றது. செங்கடற்கரைத் துறைகளுக்கு இந்திய இரும்பும் எஃகும் சென்றதையும் அதே நூல் குறிக்கின்றது. அச்சரக்கு இந்தியாவின் வடமேற்குக் கரைப் பகுதியிலிருந்து சென்றதாக அந்நூல் கூறுமாயினும், ஈயத்தை வாங்கி எஃகை விற்ற நாடு இந்நாடு என்னும் பொதுநிலை அதனால் விளங்கும். இன்றும் நம் விருந்து வீடுகளில் செம்புத் தேக்சாவுக்கு ஈயம் பூசாமல் சமையல் இல்லை. அரிய உலோகம் என்பதை அறிந்தே அதனை மேற்பூச்சாக அளவோடு பயன்படுத்துகிறோம்.

புதிய காலக் கணிப்புகள்

தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றிய கருத்து அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. கி.மு. 1000-ஐ ஒட்டியே இரும்பு இங்கு வந்தது என்பது முன்னர்ப் பலரும் ஏற்ற கொள்கை. உத்தரப் பிரதேசத்து மல்கார் முதலிய இடங்களில் கி.மு. 1800-ஐ ஒட்டிய இரும்பு 2003-இல் அறிவிக்கப்பட்டபோது அக்கொள்கை தளர்ந்தது. கிருட்டிணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. பின்னர்த் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுகள் கி.மு. 2953 முதல் 3345 வரையிலான காலம் காட்டுவதாக, 2025 சனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை தெரிவித்தது. அதனை எழுதியோர் கா. இராசன், இரா. சிவானந்தம் ஆகியோர். வடக்கே செம்புக் காலம் நிலவியபோதே தெற்கே இரும்புக் காலம் தோன்றியிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

இச்செய்தி நமக்குப் பெருமிதம் தருவதே. ஆயினும் இரண்டு கருத்துகளை மாணவர் மறத்தலாகாது. ஒன்று, காலம் கணிக்கப்பட்டவை இரும்புடன் கிடைத்த கரியும் மட்கலமுமே. இரும்பு நேரடியாகக் கணிக்கப்படவில்லை. பழைய மரத்தின் கரி பிற்காலக் குழியில் சேர்தல் கூடும் என்பதால், பல இடங்களிலும் பல முறைகளாலும் கிடைக்கும் முடிவுகள் ஒத்து வரும்போதே ஒரு காலம் உறுதிப்படும். மற்றொன்று, முதலில் வந்தோமா என்பதினும் எவ்வாறு செய்தோம் என்பதே பெரிய வினா. உலையும் கிட்டமும் அதற்கு விடை தரும். வாளும் கத்தியும் மட்டும் தாரா.

உலகிலும் இதற்கொத்த படிப்பினை உண்டு. எகிப்து மன்னன் துத்தன்காமுனின் இரும்புக் குத்துவாள் கி.மு. 14-ஆம் நூற்றாண்டினது. அவ்விரும்பு விண்ணிலிருந்து விழுந்த கல்லிலிருந்து எடுத்ததென 2016-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. இரும்புப் பொருள் கிடைத்தல் வேறு, இரும்பை உருவாக்கத் தெரிதல் வேறு என்பதை அது நமக்கு உணர்த்தும்.

கொடுமணலிலிருந்து திமிசுக்கு வரை

உருவாக்கத் தெரிந்ததற்கான உலைச் சான்று ஈரோடு மாவட்டத்தில், நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் குழல்களும், எஃகு செய்த மண்மூசைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் பேர்பெற்ற ஊராகப் பேசப்படும் கொடுமணம் இதுவே என்பர். மூசைக்குள் தேனிரும்பையும் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, நெடுநேரம் கடுந்தீயில் வைத்து எஃகாக்கிய முறையைச் சேலம் பகுதியில் நேரிற் கண்ட ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்துள்ளனர். குச்சியும் இலையும் கரியை ஊட்டுவன. கரி மிகுந்தபோது இரும்பு மூசைக்குள் உருகி, நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரியேறிய உருக்காகும். அவ்வுருக்கையே ஆங்கிலேயர் 'ஊட்சு' என்றனர். 'உருக்கு', 'உக்கு' என்னும் திராவிடச் சொற்களின் திரிபே அது என்பர்.

இவ்வுருக்கின் புகழைக் கடல்கடந்து கொண்டு சென்றவருள் அரபு வணிகர் முதன்மையானவர். ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதி, சரந்தீபு எனும் இலங்கை எஃகையும் அதில் வகைப்படுத்தினார். பதினொன்றாம் நூற்றாண்டின் அல்-பிரூனி தம் கனிம நூலில் இந்திய எஃகைக் குறித்தார். இந்திய எஃகால் ஆன வாளை 'முகன்னது' என்றே அரபியர் அழைத்தனர். ஹிந்து என்னும் நாட்டுப்பெயரே அச்சொல்லின் அடி. திமிசுக்கு நகரின் பெயரால் உலகறிந்த வாள்களுக்கும் இவ்வகை உருக்கே மூலப்பொருளாயிற்று. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் தென்மேற்குப் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளைக் கில் சூலெஃப் என்னும் ஆய்வாளர் 1996-இல் உலகுக்கு விளக்கினார். காற்றும் கல்லும் கைத்திறனும் கூடிய அத்தொழில் ஏழாம் நூற்றாண்டு முதற்கொண்டு அங்கே செழித்தது.

அத்தகைய தொழில் 19-ஆம் நூற்றாண்டில் நலிந்தது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். அது சேலத்துக் கல்லையும் காட்டு மரத்தின் கரியையும் நம்பியது. நூற்றாண்டின் பிற்பாதியில் அதுவும் மூடப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய மலிவான இங்கிலாந்து இரும்பின் முன் நாட்டுலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. அவற்றோடு, எழுதி வைக்கப்படாத அறிவும் அவிந்தது. இழப்பின் அளவு அங்கேதான் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். வெண்கலம் வார்ப்பதற்கு எளியது, களிம்பால் காக்கப்படுவது, தொடக்கக் கால இரும்பினும் கடினமானது. ஆனால் அரிய ஈயத்தையும் நெடுந்தொலை வணிகத்தையும் நம்பி வாழ்வது. இரும்பு ஆக்குவதற்கு அரியது, துருவால் அழிவது. ஆனால் எங்கும் கிடைப்பது, கரியேறினால் எஃகாய் எதனையும் வெல்வது. தமிழகத்தில் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒன்றையொன்று துரத்தவில்லை. கலத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று எனப் பங்கிட்டு வாழ்ந்தன. ஆகவே, நம் மாணவர்க்கு நாம் கூறும் விடை இது: நம் முன்னோர் ஒரு படியைத் தவறவிட்டவர் அல்லர், அவர் ஏறியது வேறோர் ஏணி.

அவ்வேணியின் எஞ்சிய படிகள் நம் வட்டாரத்திலேயே புதைந்துள்ளன. திருமங்கலத்தை அடுத்த தே. கல்லுப்பட்டியில் தமிழகத் தொல்லியல் துறை 1976-77-இல் அகழாய்வு செய்தது. மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்புக் கருவிகளும் செம்புப் பொருள்களும் வெளிப்பட்டன. 2023-இல் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கிணறு தோண்டும்போதோ வீட்டுக்கு அடித்தளம் வெட்டும்போதோ கருப்பு-சிவப்பு ஓடுகளும், தேன்கூடுபோல் துளையுள்ள கனத்த கிட்டக் கட்டிகளும் கிடைக்கக் கூடும். அவற்றைக் குப்பையென வீசாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு அறிவித்தல் ஊர்ப் பெரியோர் கடமை. வாளுக்கும் பொன்னுக்கும் மட்டுமே மதிப்புண்டு என எண்ணல் வேண்டா. ஒரு கைப்பிடிக் கிட்டம் ஓர் உலையின் வரலாற்றை உரைக்கும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் முதிய கொல்லர் சிலர் இன்னும் தொழில் செய்கின்றனர். துருத்தி, குறடு, சம்மட்டி, பட்டடை, தோய்ச்சல், பதம் என அவர் நாவில் வழங்கும் சொற்கள் அகராதியில் முழுமையாய் ஏறியவை அல்ல. தீயின் எந்நிறத்தில் அரிவாளைத் தோய்ப்பர், எந்நிறத்தில் கொழுவைத் தோய்ப்பர் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். கப்பலூர்ப் பொறிகளின் ஓசையைக் கடந்து வரும் மாணவர், வாரம் ஒரு நாள் தம் ஊர்க் கொல்லுலையின் வாயிலில் குறிப்பேட்டோடு அமர்வராயின், சேலத்து உலைகளோடு நாம் இழந்ததைப்போல் இன்னொரு முறை இழக்க நேராது.